வலையமைப்புப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது? வன்னியில் ஒரு வகுப்பறைக் கணக்கு

போன வருடம் முதல் வகுப்பில் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். பலகையில் 'கணினி வலையமைப்பு' என்று எழுதி, கீழே வலையமைப்பின் வேலையை ஏழு அடுக்காகப் பிரித்துக் காட்டும் ஏழு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறத் தொடங்கினேன். மூன்றாவது பெட்டிக்கு வருவதற்குள் முன்வரிசையில் நாலைந்து பேர் ஏழு பெயரையும் சொல்லி முடித்துவிட்டார்கள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தவர்கள், பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். பின்வரிசை கணிதப் பிரிவு. அங்கே சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். ஒட்டுசுட்டான் பக்கம் வீடு.

"சேர், எங்கட வீட்டில மெசேஜ் போகும். வீடியோ கோல் எடுத்தா நிண்டு நிண்டு வரும். இதில எந்தப் பெட்டியில பிழை?"

"எல்லாப் பெட்டியிலயும் இருக்கலாம்" என்றேன். பொய்யில்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்து அவள் என்ன செய்வாள்? கொப்பியில் எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான்.

இந்த வருடமும் அதே பாடம் என் கையில் வந்திருக்கிறது. மூன்று கிறெடிற், பதினைந்து கிழமை, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் விரிவுரை, மூன்று மணித்தியாலம் ஆய்வுகூடம். பாடத்தில் என்னென்ன வரவேண்டும் என்பதில் சண்டை இல்லை. எந்த நாட்டில் படித்தாலும் ஏறக்குறைய அதே பட்டியல்தான். எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. முதல் மூன்று கிழமையில் பிடிபடாத பிள்ளை பதினைந்தாம் கிழமையிலும் பிடிபடாமலே பரீட்சை எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த விடுமுறையில் நாலு வழிகளை எடுத்துவைத்து யோசித்தேன். இதே பாடத்தை எடுக்கப் போகிறவர்களுக்கும், எந்த ஒழுங்கில் தாங்களாகப் படிக்கலாம் என்று பார்க்கும் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில், வகுப்பில் இருப்பது யார்?

வன்னியில் இதைப் பட்டப்படிப்பில் படிக்கக்கூடிய இடங்கள் அதிகமில்லை. பம்பைமடுவில் வவுனியா பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து, 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம், அதற்குள் கணினிப் பொறியியல் துறை. அதே அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது, ஆனால் அங்கே கிடைப்பது தொழிற்தகைமை. பல்கலைக்கழக வகுப்பு என்றால் வன்னிப் பிள்ளைகள் மட்டும் இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். அனுமதி நாடு முழுக்கவும்தான். பொலன்னறுவை, காலி, ஹற்றன், சம்மாந்துறை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். விரிவுரை ஆங்கிலத்தில். விளங்காததை இடைவேளையில் தமிழிலும் சிங்களத்திலும் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் படிப்பு நடப்பது அந்த இடைவேளையில்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வன்னிப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். போர் முடிந்தபோது இவர்களுக்கு ஐந்தாறு வயது. தாய் தகப்பன் காலத்தில் வன்னியின் பெரும்பகுதியில் பல வருடம் தொலைபேசியே இல்லை. பிறகு நேரே கைபேசிக் கோபுரம் வந்தது. வீட்டு மேசையில் தொலைபேசி, மோடம் கீச்சிட்டுக் கீச்சிட்டு இணைவது, நெற் கபேயில் மணிக்கணக்கு என்று மற்ற ஊர்கள் படிப்படியாகக் கடந்து வந்ததை இவர்கள் கடக்கவேயில்லை. ஆகவே பாடநூல் 'உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தொலைபேசி வலையமைப்பை எடுத்துக்கொள்வோம்' என்று தொடங்கினால், தெரியாத ஒன்றை வைத்துத் தெரியாத இன்னொன்றை விளக்குகிற கதைதான்.

வயரிலிருந்து மேலே

என் ஆசிரியர்கள் எனக்குச் சொல்லித்தந்த வழி இது. சைகை, அலைப்பட்டை, பிறகு சட்டகம் (வயரில் போகும் தரவுத் துண்டு), பிழை கண்டறிதல், ஈதர்நெற் (பக்கத்துக் கணினிகளை வயரால் இணைக்கும் முறை), ஐ.பி (முகவரி பார்த்துத் தரவை வழியனுப்பும் விதி), ரி.சி.பி (அதைத் தொலையாமல் சேர்ப்பிக்கும் விதி), கடைசியாக வலைத்தளமும் மின்னஞ்சலும். வீடு கட்டுகிற ஒழுங்கு, அத்திவாரம் முதலில். இதன் பெரிய நன்மை, எதையும் 'அது பிறகு வரும்' என்று தள்ளிவைக்கத் தேவையில்லை. கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அலையும் மடக்கையும் ஏற்கெனவே கைவசம். ஒரு வழியில் அதிகபட்சம் எவ்வளவு தரவு போகலாம் என்று சொல்லும் ஷனனின் சமன்பாட்டைக் கொடுத்தால் 3000 ஹேர்ட்ஸ் அகலமும் 30 டெசிபெல் சைகை-இரைச்சல் விகிதமும் உள்ள வயரில் செக்கனுக்கு ஏறக்குறைய 30,000 பிற்றுக்கு மேல் அனுப்பவே முடியாது என்று இரண்டு வரியில் கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்தக் கணக்கு ஒரு அழகான பொருள். எவ்வளவு கெட்டித்தனமான கருவி செய்தாலும் தாண்ட முடியாத வேலி ஒன்று இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

ஆய்வுகூடத்திலும் இந்த வழிக்கு ஒரு ருசி உண்டு. முதல் கிழமையே வயரை வெட்டி, எட்டு நரம்பையும் நிறப்படி அடுக்கி, தலையை நெரித்துப் பூட்டலாம். வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். சோதிக்கிற பெட்டியில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்பார்: "பச்சைச் சோடியை மட்டும் ஏன் சேர் பிரிச்சு வச்சிருக்கு?" நடு இரண்டு ஊசியும் பழைய தொலைபேசிச் சோடிக்காக ஒதுக்கப்பட்டவை, பச்சை அதன் இரண்டு பக்கமும் தள்ளி நிற்கிறது. பார்த்தேயிராத தொலைபேசி இங்கேயும் வந்து நிற்கும்.

குறை என்ன? ஐ.பி முகவரி வரும்போது ஆறாம் கிழமை. ஒட்டுசுட்டான் பிள்ளையின் கேள்விக்குப் பதில் ஒன்பதாம் கிழமை. அதுவரைக்கும் பொறுமையாக இருக்கச் சொல்லலாம், ஆனால் அந்தப் பொறுமையைப் பிள்ளைகள் பௌதிகவியல் பாடத்துக்கே செலவழித்து முடித்துவிட்டார்கள். அதைவிட, கீழ் அடுக்கில் நாம் மணிக்கணக்காகச் சொல்லித்தருகிற சிலது இப்போது நூதனசாலைப் பொருள். ஒரே வயரில் பல கணினிகள் தொங்கி, இரண்டு பேச்சு மோதினால் பின்வாங்கி மீண்டும் அனுப்புகிற பழைய ஈதர்நெற் விதியை எத்தனை பேர் கண்ணால் கண்டிருப்போம்? ஒவ்வொரு கணினிக்கும் தனி வயர் கொடுக்கும் சுவிச் வந்த பிறகு அந்த மோதலே இல்லாமல் போய்விட்டது. அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, 1971இல் ஹவாயில் வானலை வழியாகக் கணினிகளை இணைத்த அலோஹாவைச் சொல்லலாம். நினைத்த நேரத்தில் எல்லாரும் பேசினால் வழியின் கொள்ளளவில் 18 வீதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் உருப்படியாகப் போகும் என்ற அதன் கணக்கு, விடுதியில் ஐம்பது பேர் ஒரே வைபையில் தொங்கும்போது என்ன நடக்கிறது என்று யோசிக்க இன்றைக்கும் நல்ல தொடக்கம்.

போனிலிருந்து கீழே

இதற்கு நேரெதிர் வழி. பிள்ளைகளின் கையில் இருப்பதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டு கீழே இறங்குவது. வலைத்தளப் பெயரை அடித்தால் என்ன நடக்கிறது, பெயரை யார் இலக்கமாக மாற்றுகிறார்கள், அந்த இலக்கத்துக்குப் பொதி, அதாவது தரவின் சின்னத் துண்டு, எப்படிப் போகிறது என்று. கடந்த இருபது இருபத்தைந்து வருடத்தில் பல பல்கலைக்கழகங்கள் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று டி.என்.எஸ், பெயரை இலக்கமாக மாற்றித்தரும் சேவை. 2010இலிருந்து '.இலங்கை' என்று தமிழிலேயே முடிகிற இணையப் பெயர் இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தமிழில் அடித்த பெயரைக் கணினி உள்ளுக்குள் ரோம எழுத்துக் கோவையாக மாற்றித்தான் கேட்டுப் போகிறது என்று காட்டினால், பெயர் வேறு முகவரி வேறு என்பது ஒரே நாளில் ஏறிவிடும். இரண்டாவது, மூன்றாம் கிழமையே பைதன் மொழியில் முப்பது நாற்பது வரி எழுதி ஒரு லப்டொப்பிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பலாம். தான் எழுதிய நிரலில் தன் நண்பனை ஏசி ஒரு வரி அனுப்பிய பிள்ளை அந்தப் பாடத்தை விட்டு ஓடமாட்டான்.

ஆனால் இந்த வழிக்குக் காலம் ஒரு கண்ணியை வைத்துவிட்டது. முன்பு வயர்ஷார்க் என்ற மென்பொருளைத் திறந்து, போகிற பொதியைப் பிடித்து, உள்ளே இருக்கிற எச்.ரி.ரி.பி வரிகளை (வலைப்பக்கத்தைக் கேட்டு வாங்கும் பேச்சை) அப்படியே வாசித்துக் காட்டலாம். இப்போது பிடித்தால் தெரிவதெல்லாம் மறைகுறியாக்கிய குப்பை. ஏறக்குறைய எல்லாத் தளமும் பூட்டுப் போட்டுத்தான் வருகிறது, அது நல்லதுதான், ஆனால் ஆசிரியருக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. 2021இல் தரநிலையாக வந்த குவிக் நெறிமுறை ரி.சி.பியின் வேலையையும் அந்தப் பூட்டுக்குள்ளேயே இழுத்துக்கொண்டது. ஆகவே மேலிருந்து தொடங்குவதென்றால் ஆய்வுகூடத்துக்குள்ளேயே பூட்டில்லாத சிறு சேவையகம் ஒன்றை வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். செய்யலாம். ஆனால் 'உங்கள் கையில் இருக்கும் போனிலிருந்து' என்று சொன்ன வாக்கு அந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

இன்னொரு குறை மெல்லத்தான் தெரியும். மேலே இருந்து வருகிற பிள்ளைக்குக் கீழே எல்லாம் சரியாக நடந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கோபுரம் ஒழுங்காக நிற்கும் ஊரில் அந்த எண்ணத்தால் கெடுதி குறைவு. மாந்தையிலோ நெடுங்கேணியிலோ கீழ் அடுக்குத்தான் கதையின் கதாநாயகன்.

சான்றிதழை ஒட்டி

மூன்றாவது வழியை வைத்து என்னோடு வாதாடியவர் வேறோர் இடத்தில் இதே பாடம் எடுக்கும் ஒரு மூத்தவர். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். சிஸ்கோ நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தில் எல்லாம் தயாராக இருக்கிறது. படவில்லைகள், கேள்விகள், பக்கெற் ட்ரேசர் என்ற பாவனை (வலையமைப்பைப்போல நடித்துக்காட்டும்) மென்பொருள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, பட்டத்தோடு சேர்த்து ஒரு சான்றிதழ்ப் பரீட்சைக்கும் ஆயத்தப்படுத்துவது.

"தம்பி, நீ தத்துவம் படிப்பிச்சுப்போட்டு விட்டிடுவாய். பொடியள் கொழும்பில இன்டர்வியூக்குப் போய் வீலான் எப்பிடிப் போடுறது எண்டு தெரியாம முழிக்குங்கள்."

வீலான் என்றால் ஒரே சுவிச்சைப் பல தனி வலையமைப்பாகப் பிரிப்பது. அண்ணை சொல்வதைச் சும்மா தட்டிவிட முடியாது. வயலும் கடலும் பார்க்கிற வீடுகளிலிருந்து பட்டம் எடுக்க வருகிற முதல் ஆள் என்று இருப்பவர்கள் வகுப்பில் பலர். வேலை என்பது அவர்களுக்கு நாலாம் வருடத்து யோசனை இல்லை, முதல் நாளே சேர்ந்து வருகிறது. படித்ததைக் கையால் செய்துகாட்டத் தெரிந்தவனுக்கு வாசல் கொஞ்சம் சீக்கிரம் திறக்கும்.

என் தயக்கம் வேறு இடத்தில். கட்டளையை மனப்பாடம் செய்வதும் ஏழு பெட்டியை மனப்பாடம் செய்வதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகம். அந்த மென்பொருளில் பச்சை முக்கோணம் வந்தவுடன் பிள்ளைகள் எழும்பிப் போய்விடுகிறார்கள். ஏன் வந்தது என்று கேட்டால் "அண்டைக்கு இப்பிடித்தான் அடிச்சனாங்கள் சேர்" என்பார்கள். சிஸ்கோவின் சீ.சீ.என்.ஏ சான்றிதழின் ஆயுள் மூன்று வருடம், பிறகு புதுப்பிக்க வேண்டும். பட்டத்துக்கு அப்படி ஒரு திகதி இல்லை, அதற்குள் போகிற அறிவும் அப்படித்தான் இருக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிறுவனத்தில் இந்த வழிதான் சரியான வழி, அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. பல்கலைக்கழகத்தில் இது பாடத்தின் ஒரு துண்டாக இருக்கலாம், வாசலாக வைக்க மனம் வரவில்லை.

நடுவிலிருந்து, ஒரு கேள்வியோடு

நாலாவது வழி எந்த நூலிலிருந்தும் வந்ததில்லை, அந்தப் பிள்ளையின் கேள்வியிலிருந்து வந்தது. 'ஏன் நிற்கிறது?'

இணையத்தின் வடிவம் உடுக்கு மாதிரி. மேலே எத்தனையோ செயலிகள், கீழே எத்தனையோ வகை வயரும் வானலையும், நடுவில் இறுக்கிக் கட்டிய இடுப்பாக ஒரே ஒரு ஐ.பி. உடுக்கை இடுப்பில் பிடித்துத்தான் அடிக்க வேண்டும். பாடத்தையும் அங்கே பிடித்தால் என்ன? முதல் நாள் ஒரு பொதி, அது போய்வர எடுக்கும் நேரம். அவ்வளவுதான் பாடம்.

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு வீதியால் சுமார் 330 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் போகும். அப்படியென்றால் போக 1.65 மில்லிசெக்கன், போய்வர 3.3. இப்போது போனை எடுத்துக் கொழும்பில் இருக்கிற ஒரு கணினிக்குப் பிங் அடித்து, சின்னப் பொதி ஒன்று போய்வரும் நேரத்தைப் பாருங்கள் என்றால், ஒருவருக்கு 30 மில்லிசெக்கன் காட்டும், ஒருவருக்கு 60, மூலையில் இருப்பவருக்கு 200. ஒளிக்குத் தேவைப்பட்டது 3.3. மிச்ச நேரம் எங்கே போனது?

இந்தக் கேள்விக்குள் முழுப் பாடமும் இருக்கிறது. பொதியை வயரில் ஏற்றுகிற நேரம் கொஞ்சம்: 1500 பைற் என்றால் 12,000 பிற், செக்கனுக்கு 10 மெகாபிற் போகிற வழியில் 1.2 மில்லிசெக்கன். நடுவழியில் பொதியைத் திசைதிருப்பும் றவுட்டர் முகவரியைப் பார்த்து முடிவெடுக்கிற நேரம் இன்னும் கொஞ்சம். கைபேசி தன் முறைக்காகக் கோபுரத்திடம் காத்திருக்கும் நேரம், அது கீழ் அடுக்கு. எல்லாவற்றையும் விட, நடுவழியில் வரிசையில் நிற்கிற நேரம். பெரிய செய்மதி என்றால் கதை வேறு: பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்கி வருவதற்கு வெறும் தூரத்துக்கே அரைச் செக்கன் கிட்டப் போய்விடும்.

வரிசைக்கு வரும்போது எனக்கு வேறு உவமை தேடத் தேவையில்லை. றவுட்டரின் இடைநினைவகம் ஒரு குளம். வரத்து வாய்க்கால் பல, போகிற துருசு (மதகு) ஒன்று. வரத்துக் கூடினால் மட்டம் ஏறும், மட்டம் ஏறினால் காத்திருப்பு. முட்டினால் வான் பாயும், நிரம்பி வழிந்துவிடும், அதாவது பொதி தொலையும். குளத்தைப் பெரிதாகக் கட்டினால் வான் பாய்வது குறையும், ஆனால் கடைசியாக வந்த பொதி வெளியே போக இன்னும் கூட நேரம் எடுக்கும். மலிவு றவுட்டர்களில் நினைவகத்தைத் தாராளமாகப் போட்டதால் வந்த பெரிய தலையிடி இதுதான்.

சிறுபோகக் கூட்டத்தையும் விடக்கூடாது. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, யாருக்கு எத்தனை ஏக்கர் என்று போகம் தொடங்க முதலே பங்கு பிரித்துவிடுகிறார்கள். பங்கு கிடைத்தவருக்குத் தண்ணீர் நிச்சயம், கிடைக்காதவர் அந்தப் போகம் விதைக்கவே முடியாது. பழைய தொலைபேசி வலையமைப்பு வேலை செய்தது இப்படி: ஒரு அழைப்புக்கு முழு வழியையும் முன்கூட்டியே ஒதுக்குவது. இணையத்தில் கூட்டமும் இல்லை, பங்கும் இல்லை. எல்லாரும் திறக்கலாம். தண்ணீர் குறைகிறது என்று கண்டால் ஒவ்வொருவரும் தன் கதவைத் தானே பாதியாக இறக்க வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பார்க்க வேண்டும். யாரும் மேற்பார்க்காமல் இது நடக்குமா என்று கமக்காரர் யாரிடமாவது கேட்டால் சிரிப்பார். இணையத்தில் நடக்கிறது, ரி.சி.பி செய்வது இதைத்தான். பொலன்னறுவைப் பிள்ளைகளுக்கும் இந்த உவமை அப்படியே பிடிக்கும், அவர்களும் குளத்து ஆட்கள்தான். ஹற்றன் பிள்ளைக்குத்தான் பக்கத்தில் இருப்பவர் துருசு என்றால் என்னவென்று சொல்ல வேண்டிவரும்.

உவமை உடைகிற இடத்தைத்தான் நான் பாடத்தின் நடுமையம் என்று நினைக்கிறேன். குளத்தில் வான் பாய்ந்த தண்ணீர் போனது போனதுதான், திரும்பி வராது. வலையமைப்பில் தொலைந்த பொதியை அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். அதாவது வான் பாய்ந்தால் வரத்துக் கூடும்! கூடினால் இன்னும் பாயும். 1986 ஒக்ரோபரில் கலிபோர்னியாவில் இது உண்மையாகவே நடந்தது. லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில் 400 யார் (கெஜம்) தூரம்தான். அந்த வழியில் செக்கனுக்கு 32,000 பிற் போனது வெறும் 40 பிற்றாக விழுந்தது. வயர் அறவில்லை, கருவி எரியவில்லை. எல்லாரும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தார்கள், அதுதான் பிரச்சினை. வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் அதற்குக் கண்ட தீர்வை 1988இல் வெளியிட்டார். கதவைப் பாதியாக இறக்கு என்று மேலே சொன்னேனே, அதன் வேர் அங்கேதான். அண்மையில் நான் படித்த எந்தச் சம்பவமும் இந்த 40 பிற் அளவுக்கு என்னை நிமிர்ந்து உட்கார வைக்கவில்லை.

இப்போது ஒட்டுசுட்டான் கேள்விக்கு மூன்றாம் கிழமையே பதில் சொல்லலாம். செய்தி சின்னது, தொலைந்தால் மீண்டும் போகும், இரண்டு செக்கன் பிந்தினால் யாருக்கும் தெரியாது. வீடியோ அழைப்பில் குரல் 150 மில்லிசெக்கனுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பேச்சு பேச்சாக இருக்கும். பிந்தி வந்த பொதி வந்தும் பிரயோசனமில்லை. வழி ஒன்று, நட்டமும் ஒன்று, தாங்குகிற சக்திதான் வேறு.

சரி, இதன் குறைகள். இந்த ஒழுங்கில் பாடநூல் இல்லை, பிள்ளைகள் ஒரு அத்தியாயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவித்தான் வாசிக்க வேண்டும். முதல் இரண்டு வகுப்புக்கு வராதவர் தொலைந்தார். வினாத்தாளை மதிப்பிடுகிற வெளியார் ஏழு அடுக்கு எங்கே என்று கேட்பார். அவருக்கு ஒரு தகவல் சொல்லி வைக்கலாம்: ஏழு அடுக்கு மாதிரி தரநிலையாக வந்தது 1984இல். அதற்கு முந்தைய வருடம், 1983 ஜனவரி 1இலேயே, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் ரி.சி.பி/ஐ.பிக்கு மாறி முடிந்துவிட்டது. கடைசிக் குறை என்னுடையது: உவமை இனித்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன், குளத்தைப் பற்றியே ஒரு மணித்தியாலம் போய்விடும்.

ஆய்வுகூடத்தில் என்ன வைப்பது

எந்த வழி என்பதை ஆய்வுகூடமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. உண்மையான றவுட்டரும் சுவிச்சும் வாங்கினால் பிள்ளைகளுக்குக் கை பழகும், ஆனால் ஒரு அடுக்கு உபகரணத்தைச் சுற்றி பத்துப் பேர் நிற்க இருவர்தான் தொடுவார்கள். ஐப்பசி இடியும் ஒரு செலவு. முன்பு நான் போன ஒரு பயிற்சி நிலையத்தில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே செப்பு வயர் இழுத்திருந்தார்கள். ஒரு மின்னலுக்கு இரண்டு பக்கத்துச் சுவிச்சும் கருகிப் போயின. கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடி இழைதான் போட வேண்டும் என்பதை அந்த மணத்தோடு படித்தேன்.

பக்கெற் ட்ரேசர் இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும், மின்சாரம் போனாலும் பற்றரியில் தொடரலாம். ஆனால் அது பாவனை. நெரிசலில் ரி.சி.பி எப்படித் தடுமாறுகிறது என்பதை அதில் நம்பி அளக்க முடியாது. ஜி.என்.எஸ்.3 என்ற இன்னொரு மென்பொருள் றவுட்டரின் உண்மையான இயக்க மென்பொருளை ஓட்டும், அதற்கு உரிமத்தோடு வரும் கோப்பும் நிறைய நினைவகமும் வேண்டும். பிள்ளைகளின் 4 ஜிகாபைற் லப்டொப் அதில் மூச்சுத் திணறும்.

நான் சாய்வது லினக்ஸ் பக்கம். ஒரே கணினிக்குள் தனித்தனி வலையமைப்பு அறைகளாகப் பிரித்து, நாலு கணினியும் இரண்டு றவுட்டரும் இருப்பதுபோல் அமைக்கலாம். உள்ளே ஓடுவது உண்மையான ரி.சி.பி. நெற்எம் என்ற கருவியால் ஒரு வழியில் 200 மில்லிசெக்கன் தாமதத்தையும் நூற்றுக்கு ஐந்து பொதி நட்டத்தையும் ஒரே வரியில் ஏற்படுத்தி, எல்லாம் எப்படி இழுபடுகிறது என்று பார்க்கலாம். ஒட்டுசுட்டானை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவந்து வைப்பது மாதிரி. 'ஏன் நிற்கிறது' என்று தொடங்குகிறவனுக்கு நிற்க வைக்கிற கருவிதான் முதலில் வேண்டும். கறுப்புத் திரையைக் கண்டு பயப்படுகிற பிள்ளைகளுக்கு முதல் இரண்டு கிழமை பக்கத்தில் நிற்க வேண்டும், அதற்கு உதவிப் போதனாசிரியர் ஒருவர் கட்டாயம்.

எடுத்த முடிவு

துறைக்கு அனுப்பிய திட்டம் இப்படி: முதல் மூன்று கிழமை நடுவில், தாமதமும் வரிசையும் ஐ.பியும். அடுத்த நாலு கிழமை கீழே இறங்கி வயர், வைபை, சுவிச், கோபுரம். அங்கேதான் வயர் நெரிப்பதும் வரும், அதை விட மனமில்லை. பிறகு ஐந்து கிழமை மேலே ஏறி ரி.சி.பி, டி.என்.எஸ், வலை, பைதன். கடைசி மூன்று கிழமை பாதுகாப்பும் அண்ணையின் வீலானும், பக்கெற் ட்ரேசரோடு. அடுக்குப் படம் நாலாம் கிழமை பலகைக்கு வரும், பிள்ளைகள் அதற்குள் போட ஏதாவது கையில் வைத்திருக்கும்போது. வகுப்பில் பெரும்பாலானோர் ஏற்கெனவே வேலை செய்துகொண்டு மாலைநேரம் வருபவர்களாக இருந்தால் நான் இதைப் பிடிவாதமாகச் செய்யமாட்டேன், சான்றிதழ் வழிக்கே முன்னுரிமை கொடுப்பேன். முதல் வருடத்திலேயே நிரல் நன்றாக எழுதப் பழகிய வகுப்பு என்றால் மேலிருந்து இறங்குவதும் சரிவரும்.

அண்ணையோடு ஒரு ஒப்பந்தம் செய்திருக்கிறேன். அவர் தன் வழியில் எடுப்பார், நான் என் வழியில். ஆறாம் கிழமை இரண்டு வகுப்புக்கும் ஒரே கேள்வியைக் கொடுப்போம்: மாங்குளத்தில் பஸ்ஸில் இருக்கும் ஒருவருக்குக் குரல்செய்தி வந்து சேர்கிறது, ஆனால் நேரடி அழைப்பு அறுந்து அறுந்து போகிறது, காரணம் என்னவாக இருக்கும், எதை அளந்து உறுதிப்படுத்துவீர்கள்?

கேள்வியை வாசித்துவிட்டு அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "என்ர பொடியள் இதுக்கு முதல்ல றவுட்டரை நிப்பாட்டிப் போடுவம் எண்டு எழுதுவாங்கள்" என்றார். அதற்கும் ஒரு புள்ளி கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறோம்.